தக்கை வெச்ச இட்லி மாவு

பம்பாய் மாதுங்கால எங்க ஆத்து இட்லி மாவு ஒரு தரம் சீலிங்குக்கே போச்சு. அனுப்பி வெச்ச விஞ்ஞானி நான்தான். ஆபீஸ்ல வெறும் கிளார்க்.

மாவு ஏன் பொங்கறதுன்னு என் பத்து வயசுப் பொண்ணு ராஜி கேட்டா. ஞாயித்துக்கிழமை காத்தால அரைச்ச மாவை ஒரு பாட்டில்ல பாதி ஊத்தி, பாட்டில் வாயில பலூனை மாட்டினோம். மே மாச வெயில். மாவுலேந்து கிளம்பின காத்துல, நாலு மணிக்கெல்லாம் பலூன் எழுந்து நின்னுது. ராஜி குதிச்சா.

அதோட நிறுத்தியிருக்கலாம். பலூனைக் கழட்டிட்டு தக்கையை வெச்சு அழுத்தினேன். "இப்ப பாரு வேடிக்கையை!"

விளக்கேத்தற நேரம் வரைக்கும் ஒண்ணும் நடக்கலை. ராஜி பாட்டில் மேலயே குனிஞ்சா. "தலை பின்னிக்க வாடி!"ன்னு என் மனைவி கமலா கூப்பிட்டா. ராஜி முணுமுணுத்துண்டே நகர்ந்தா.

படார்!

தக்கை சீலிங்ல மோதித்து. பின்னாடியே மாவு. நான் ஓடிப்போய் முதல்ல ராஜியோட கண்ணைத்தான் பாத்தேன்.

கமலா அண்ணாந்து பாத்தா. "ஏன்னா, நாளைக்கு இட்லி வேணும்னா ஏணி வெச்சு சுரண்டிக்கோங்கோ."

இப்பவும் வாராவாரம் பரிசோதனை உண்டு. எதையும் இறுக்கி மூடறதில்லை. "அப்பா, காத்து வெளில போக வழி இருக்கா?"ன்னு ராஜி கேட்டு, தானே பாத்தப்பறம்தான் ஆரம்பம். இப்ப அவதான் விஞ்ஞானி. ஆத்துலயும் நான் கிளார்க்தான்.