அடுத்த மாசம் எத்தனை பிள்ளை?

பொறந்த பிள்ளைய எண்ணுறது யாரு வேணும்னாலும் செய்யலாம். பொறக்கப் போற பிள்ளைய எண்ணிக் குடுத்துட்டு அப்புறம் வார்டு பக்கம் தலைகாட்டுறதுதான் எங்க தொழில்ல கஷ்டம். குளுவாங் டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில புள்ளிவிவரப் பிரிவுல வேலை செய்றேன். அடுத்த மாசம் எத்தனை பிரசவம் வரும், உயிரோட எத்தனை, உயிரில்லாம எத்தனைன்னு முன்கூட்டியே கணிச்சுக் குடுக்கணும். கட்டில், ரத்தம், நர்சுங்களோட லீவு எல்லாம் அதை வச்சுத்தான். கணக்கு எழுதி ஏச்சு வாங்கிப் பிழைக்கிறவங்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். அதுலயும் போன வருஷம் இந்த வேலைய வயித்துல பிள்ளையோட செஞ்சேன். வேண்டாத சாமியெல்லாம் வேண்டி, ரொம்ப வருஷம் கழிச்சுத் தங்கின பிள்ளை.

மொத்த வியாபாரம்

கேன்டீன் நடத்துற பாய்க்கு என் வேலை என்னன்னு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. பசியாறப் போனா, கேக்காமலே ரொட்டிக்கு ரெட்டைக் கறி ஊத்தினாரு. அப்பவே எனக்குச் சந்தேகம்.

"மருமகளுக்கு மாசம் நெருங்கிடுச்சும்மா. ஆணா, பொண்ணா? என்னைக்குப் பொறக்கும்?"

"நாங்க ஊருக்கே மொத்தமாத்தான் சொல்லுவோம் பாய். தனித்தனியா எல்லாம் தெரியாது" அப்படின்னேன். மனுஷன் முகம் தொங்கிப்போச்சு. கறிக் கரண்டிய டப்புனு வச்சுட்டுச் சொன்னாரு: "மொத்த வியாபாரம் செய்றவங்க தெரிஞ்சவங்களுக்குச் சில்லறையும் குடுக்கிறதுதான் லா நம்ம ஊரு வழக்கம்!"

முக்கால் பிள்ளை

பிரசவ வார்டுக்குத் தலைமை, சிஸ்டர் பரமேஸ்வரி. பாலோ ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க. அவங்க வார்டுல பேசினா கார் நிறுத்துற இடத்துல கேக்கும். கூட்டத்துல என் அறிக்கைய வாங்கிப் பார்த்தவங்க, ஒரு நாளைக்குச் சராசரி எட்டே முக்கால் பிரசவம்னு இருந்த இடத்துல விரலை வச்சாங்க.

"இது சராசரி சிஸ்டர், நிஜத்துல அப்படி வராது" அப்படின்னு நான் இழுத்தேன். விடுவாங்களா? டாக்டருங்க அத்தனை பேரு முன்னாடியும் கேட்டாங்க: "எட்டு பிள்ளைய நான் பார்த்துக்கிறேன்மா, அந்த முக்கால் பிள்ளைக்குத் தொப்புள்கொடி எந்தப் பக்கம் இருக்கும்னு மட்டும் சொல்லிட்டுப் போ!"

தாய்வீட்டுக் கணக்கு

இந்த ஊரு கிளினிக்குங்கள்ல எத்தனை கர்ப்பிணிங்க பதிஞ்சிருக்காங்களோ, அதை வச்சுத்தான் எங்க கணக்கு ஓடும். தீபாவளி மாசத்துக்குக் குறைவாத்தான் காட்டுச்சு. அதை நம்பி சிஸ்டரும் தாராளமா லீவு குடுத்துட்டாங்க. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணுங்க தாய்வீட்டுக்கு வரும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? ஜொகூர் பாரு, செடெனாக்னு கட்டிக்குடுத்ததுங்க எல்லாம் அங்க பேரைப் பதிஞ்சுட்டு, வளைகாப்பு முடிஞ்ச கையோட பையத் தூக்கிக்கிட்டு இங்க வந்து இறங்கிடுச்சுங்க.

அலமாக்! வராந்தா பூரா கட்டில். நான் கிராஃபோட விளக்கம் சொல்லப் போனேன். வேர்த்து ஊத்துற முகத்தோட சிஸ்டர் திரும்பினாங்க: "இனிமே கிளினிக்குல எண்ணாதே தாயி, வளையல் கடையில போய் எண்ணு!"

அந்த ஒன்னு

சிரிக்காதீங்க, பாசார்ல இருக்கிற வளையல் கடையில நிஜமாவே போய்க் கேட்டேன். அதுக்கப்புறம் கணக்கு ஓரளவு தேறிடுச்சு. அப்பத்தான் என்னோட மாசம் வந்துச்சு. உயிரோட பொறக்கிறதை எழுதிட்டேன். அடுத்த வரி, உயிரில்லாமப் பொறக்கிறது. கம்ப்யூட்டர் ஒன்னுன்னு காட்டுச்சு. எத்தனையோ மாசம் எழுதின எண்ணுதான். ஆனா அந்த மாசம் பெத்துக்கப் போறவங்கள்ல நானும் ஒருத்தி. அந்த ஒன்னு யாரு? பயம்னா அப்படி ஒரு பயம்.

அறிக்கைய வாங்க வந்த சிஸ்டர்கிட்ட, "சைபர்னு போட்டுடவா சிஸ்டர்?" அப்படின்னு கேட்டே புட்டேன். வழக்கம்போலக் கத்துவாங்கன்னு பார்த்தா, நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அவங்க குரல் அவ்வளவு சன்னமா வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். "ஒன்னுன்னே போடும்மா. நீ சைபர் போட்டா, அந்த ஒருத்திக்குன்னு தனியா வச்சிருக்கிற கடைசி ரூமை ஸ்டோருக்கு எடுத்துக்குவாங்க. பிள்ளைய இழந்தவ, அடுத்த கட்டில் பிள்ளைங்க அழுறதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கணும்."

போட்டேன்.

பிந்தி வந்தவ

சாமி புண்ணியத்துல அந்த மாசம் கடைசி ரூமுக்கு யாரும் போகல. என் பிள்ளையும் வரல. சொன்ன தேதி தாண்டி, மாசமும் முடிஞ்சு, மறுநாள்தான் வலியே எடுத்துச்சு. பொறந்ததும் சத்தத்தைக் காணோம். "அழச் சொல்லுங்க சிஸ்டர்!" அப்படின்னு நான்தான் ஓன்னு அழுதேன். சிஸ்டர் முதுகைத் தேய்ச்சு விட, அப்புறம் கத்தினா பாருங்க ஒரு கத்து, அவங்களையே மிஞ்சுற மாதிரி. அவளைத் தூக்கி என் நெஞ்சுல போட்டுட்டு சிஸ்டர் சொன்னாங்க: "போன மாசம் ஒன்னு குறைவு, இந்த மாசம் ஒன்னு கூட, ஆத்தா கணக்கை ரெண்டு பக்கமும் கெடுத்துட்டா லா உன் மக!"

கணக்கு சரியா வந்தா சம்பளம் குடுக்கிற இந்தத் தொழில்ல, ஒரே ஒரு வரி மட்டும் தப்பாப் போகணும்னு மாசாமாசம் சாமி கும்பிட்டுட்டு, அந்த வரிய ஒழுங்கா எழுதிக் குடுக்கிறவ நான்.