பரமேஸ் திறந்துவிட்ட வரிசைகள்

கிள்ளான் பாசாரில் நண்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. பரமேஸின் தம்பி.

"குணா அண்ணே, அக்கா காலையில போயிட்டாங்க. தூக்கத்துலயே. கஷ்டப்படல."

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. "என்ன பாஸ், வேணுமா வேணாமா?" என்று நண்டுக்காரர் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. வேண்டும் என்றேன், பணத்தைக் கொடுத்தேன், பையை வாங்காமலேயே காருக்கு வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து கண்ணாடியைத் தட்டிப் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பரமேஸ்வரி என்பது முழுப்பெயர். அலுவலகத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் எங்கள் நிறுவனம் மற்ற நிறுவனங்களுக்குச் சர்வர்களை வாடகைக்கு விடுகிறது. சர்வர் குழுவுக்குப் பரமேஸ் தலைவி. தரவுத்தளக் குழுவுக்கு நான். ஒரே வயது, ஒரே பதவி, பக்கத்துப் பக்கத்து மேசை. பதினான்கு ஆண்டுகள் அப்படி இருந்தோம். அதில் பாதி நாள் சண்டை. இதை வாசிக்கும் அலுவலக நண்பர்களே, உங்களில் பலர் அந்தச் சண்டைகளைக் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனவர்கள்தான்.

தமிழ்நாட்டிலிருந்து இம்ரான் வேலைக்கு வந்த முதல் வாரம், ஒரு வாடிக்கையாளரின் சர்வர் "ரொம்ப ஸ்லோவா இருக்குக்கா" என்று பரமேஸிடம் வந்து சொன்னார். பரமேஸ் நாற்காலியைத் திருப்பினார்.

"எது ஸ்லோ? எப்பலேர்ந்து ஸ்லோ? எதோட ஒப்பிட்டா ஸ்லோ?"

"எல்லாமேதான்க்கா…"

"எல்லாமே ஸ்லோன்னா உனக்கு இன்னும் ஒன்னும் தெரியலன்னு அர்த்தம் தம்பி. போய்ப் பாத்துட்டு வா. கோவமா சொல்லல லா, நெஜமா சொல்றேன்."

இம்ரான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருடம் பரமேஸின் குழுவில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் இம்ரான்தான்.

இனி நான் சொல்லப்போவது, எங்கள் அலுவலகத்தைக் காப்பாற்றிய கதை. பரமேஸ் இருந்திருந்தால் "காப்பாத்துன கதையா? ட்ராமா போடாத" என்றிருப்பார். ஆனால் அதுதான் நடந்தது.

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டி, பண்டமாரான் பக்கம் கொள்கலன் கிடங்கு நடத்தும் ஒரு நிறுவனம் எங்கள் பெரிய வாடிக்கையாளர். லோரிகள் வந்துபோவதைக் குறிக்கும் அவர்களுடைய வாயில் பதிவு முழுக்க எங்களிடம் ஒரு 'விஎம்'மில் ஓடியது. ஒரு பெரிய சர்வரை மென்பொருளால் பல கணினிகளாகப் பிரித்துக் கொடுப்போம். அப்படிப் பிரித்த ஒவ்வொரு மெய்நிகர்க் கணினியும் ஒரு விஎம். அவர்கள் தொழில் வளர வளர, காலையில் வாயிலில் திரை சுற்றிக்கொண்டே நின்றது. லோரிகள் சாலைவரை நீண்டன. டிஸ்க்தான் பழையது என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் நிறுவனம் அதிவேகமான புது டிஸ்க்குகளைப் போட்டது. மறுநாளும் லோரிகள் சாலையில்தான் நின்றன.

எங்கள் இயக்குநர் பொறுமை இழந்தார். சொந்தச் சர்வர்களையே மூடிவிட்டு, எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்தின் சேவைக்கு மாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டார். அப்படி நடந்தால் பரமேஸின் குழுவே இருக்காது. மற்றவர்களுக்கு எப்படியும் வேறு வேலை கிடைத்துவிடும். இம்ரானுக்கு அப்படியல்ல. வெளிநாட்டுத் தொழிலாளரான அவருடைய வேலை பெர்மிட் இந்த வேலையோடு கட்டப்பட்டது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். மூத்தவளைப் பள்ளியில் சேர்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பரமேஸ் முதலில் செய்தது, என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வாயிலுக்கே போனதுதான். அங்கே பொறுப்பில் இருந்த சுப்ரா அண்ணன் எங்களைக் கண்டதும் வரிசையைக் கையால் காட்டினார்.

"பாத்தீங்களா? இந்த டிரைவருங்களுக்கு ஒரு டிரிப் போச்சுன்னா போச்சு. என்னைத்தான் ஏசுறாங்க. நான் யாரை ஏசுறது?"

"என்னை ஏசுங்கண்ணே," என்றார் பரமேஸ். "ஆனா கொஞ்ச நேரம் இங்க உக்காந்து பாத்துக்குறேன்."

வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, வாயிலில் திரை உறையும் ஒவ்வொரு முறையும் எங்கள் சர்வரில் என்ன நடக்கிறது என்று பார்த்தார். மதியத்துக்குள் பிடித்துவிட்டார். அந்த விஎம்முக்குள் எட்டு சிபியு. ஒவ்வொன்றுக்கும் டிஸ்க்குக்கு வேலை அனுப்பத் தனி வரிசை. உள்ளே எல்லாம் சரிதான். ஆனால் வெளியே, உண்மையான சர்வரில், அந்த எட்டு வரிசைகளிலும் வருவதை வாங்கி டிஸ்க்கிடம் கொடுத்துப் பதிலைத் திருப்பித் தர இருந்தது ஒரே ஒரு த்ரெட், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் செய்யும் மென்பொருள் இழை. அது மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புது டிஸ்க்கோ பாதி நேரம் சும்மா கிடந்தது.

சுப்ரா அண்ணனுக்கு அதைச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, உங்க கேட்ல எட்டு லேன் இருக்கு. எட்டுக்கும் ஒரே கிளார்க் ஓடி ஓடிப் பேப்பர் வாங்குனா எப்படி இருக்கும்?"

"அப்ப ஆளைப் போடு லா!"

"போட்டுடலாம்ணே."

விஎம்களைப் பிரிக்க நாங்கள் ஓட்டிய மென்பொருளின் புதிய பதிப்பில் அதற்கு வழி வந்திருந்தது. ஒரே டிஸ்க்கின் வரிசைகளைப் பல வொர்க்கர் த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எட்டு வரிசைக்கு எட்டு த்ரெட் என்று பரமேஸ் முடிவு செய்தார். வாடிக்கையாளர் விஎம்மில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அது சரியான பிடிவாதம்தான். இன்றும் அப்படியே நிற்பேன். கடைசியில், அந்த விஎம்மை நகலெடுத்து, எங்களிடம் இருந்த அதே மாதிரியான இன்னொரு சர்வரில் ஏற்றி, காலை நேர நெரிசலைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். இயக்குநரும் வந்து உட்கார்ந்தார்.

ஓட்டினோம். முன்னைவிட மோசமாக இருந்தது.

இம்ரான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் உங்கள் தீர்வா என்று இயக்குநர் கேட்டார். பரமேஸ் எழுந்து, திரைக்கு முன்னால் போய், காத்திருப்பு நேரம் ஏறியதைக் காட்டிய கோட்டின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: எட்டு போட்டால் வேகமாகும் என்று நினைத்தேன், நினைத்தது தவறு, ஏன் தவறு என்று இப்போது தெரியாது, வியாழக்கிழமைக்குள் தெரிந்துவிடும். இயக்குநர் "வியாழன்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

அன்று மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பரமேஸ் இரண்டாம் முறை ரசம் வாங்கினார்.

"எப்படிச் சாப்பிடுற நீ?"

"பசிக்குது, சாப்பிடுறேன். தப்பான பதிலும் பதில்தான் குணா. நேத்து வரைக்கும் அதுகூட நம்மகிட்ட இல்ல."

காரணத்தைக் கண்டவர் இம்ரான். எந்த த்ரெட் சர்வர் செயலியின் எந்தக் கோரில் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், "அக்கா, இடமே இல்லக்கா" என்று கத்தினார். சோதனைச் சர்வரின் கோர்கள் எல்லாவற்றையும் ஏற்கனவே விஎம்களுக்குக் கொடுத்திருந்தோம். புதிதாக வந்த எட்டு த்ரெட்களும், அவை யாருக்காக வேலை செய்ய வந்தனவோ அந்த விஎம்மின் சிபியுக்களோடேயே இடத்துக்கு முட்டி மோதின. த்ரெட் வெளியே தள்ளப்படும்போது அதன் வரிசை நின்றது. சிபியு தள்ளப்படும்போது மொத்த வேலையும் நின்றது.

வாடிக்கையாளரின் விஎம் ஓடிய உண்மையான சர்வரிலும் அதே நெருக்கடிதான். அங்கே என் குழுவின் சோதனை விஎம்கள் இரண்டு இருந்தன. பரமேஸ் என் மேசைக்கு வந்தார்.

"உன்னோடத காலி பண்ணு."

"முடியாது. அடுத்த வாரம் எங்களுக்கு டெஸ்டிங் இருக்கு."

"வேற சர்வர்ல எடம் தரேன்."

"அது பழசு."

"பழசுதான். இம்ரான் பிள்ளை சேந்த புது ஸ்கூல்லயே படிக்கட்டும், நீ கொஞ்ச நாள் பழைய சர்வர்ல ஓட்டு."

காலி செய்தேன். அப்படி விடுபட்ட நான்கு கோர்களில் நான்கே நான்கு த்ரெட்கள்; வேறு எதுவும் அங்கே நுழையாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இரண்டு வரிசைகள். இதே ஏற்பாட்டைச் சோதனைச் சர்வரிலும் செய்து வியாழக்கிழமை இயக்குநர் முன்னால் ஓட்டியபோது, காத்திருப்பு நேரக் கோடு தரையோடு படுத்துக்கொண்டது. அவர் அதை இரண்டாம் முறை ஓட்டச் சொன்னார். பரமேஸ் மூன்றாம் முறையும் ஓட்டிக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கிடங்கு வாயில் வெறிச்சோடியிருக்கும் நேரத்தில், உண்மையான விஎம்மை நிறுத்தி மாற்றினோம். பழைய நிலைக்குத் திரும்புவதற்கான வழியை என் கையில் கொடுத்திருந்தார். "உனக்குப் பயம் வந்தா என்னைக் கேக்காத, திருப்பிடு" என்றார். நான் திருப்பவில்லை.

திங்கட்கிழமை காலை நெரிசல் நேரத்தில் சுப்ரா அண்ணன் அழைத்தார். பரமேஸ் ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க மேனேஜர் கேக்குறாரு, ஏன் இன்னைக்கு லோரி வரலன்னு."

"வரலையாண்ணே?"

"வந்துச்சு, போயிருச்சு லா!"

நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். வெளிநாட்டு நிறுவனத்துக்கு மாறும் திட்டத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. இம்ரானின் பெர்மிட் புதுப்பிக்கப்பட்டது.

அந்த வெற்றிக்குப் பிறகு விற்பனைக் குழு எல்லா வாடிக்கையாளருக்கும் இதையே விற்கக் கிளம்பியது. ஒரு கிளினிக் நடத்துபவர் நேரில் வந்து எங்களுக்கும் நான்கு த்ரெட் வேண்டும் என்றார். பரமேஸ் அவருடைய விஎம்மைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேணாம் அங்கிள்" என்றார். "உங்க டிஸ்க்குக்கு வேலையே இல்ல. உங்க புரோகிராம்தான் ஒரே கேள்விய நூறு தடவ கேக்குது. அதை எழுதுனவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்க." விற்பனைக் குழு இரண்டு வாரம் பரமேஸிடம் பேசவில்லை. அந்தக் கிளினிக்காரர் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார்.

வேலையைத் தவிர அவருக்கு வேறு உலகம் இல்லை என்று நினைத்தவர்கள் தைப்பூசத்தன்று அவரைப் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தார். அன்று கைப்பேசியை அணைத்துவிடுவார். ஏதாவது அவசரம் என்றால் என்ன செய்வது என்று இயக்குநரே ஒருமுறை கேட்டதற்கு, "குணா இருக்கான்" என்றார். பதினான்கு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

போன ஆண்டு அவருக்கு நோய் வந்தது. சிகிச்சை நடந்தது, ஓரளவு கேட்டது, பிறகு கேட்கவில்லை. இனி சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகச் செய்தி வந்ததும், வாதாடுவதற்கென்றே பண்டமாரானில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரு, நீ சொல்ல வந்ததை நானே சொல்றேன். புது மருந்து இருக்கு. பெரிய டாக்டர் இருக்காரு. அம்மா இன்னும் இருக்காங்க, அவங்களுக்காகவாவது பாக்கணும். கொஞ்ச மாசம் கூடக் கெடைச்சாலும் நல்லதுதான். பரமேஸ் எதையும் பாதியில விட்டவ இல்ல. சரியா? எதாச்சும் விட்டுட்டேனா?"

"நாங்க எல்லாரும் இருக்கோம். அதை விட்டுட்ட."

"விடல. அதான் ரொம்பக் கஷ்டமான பாயிண்ட், அதான் கடைசியா வெச்சிருந்தேன்." சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப என்னோடத கேளு. ஆஸ்பத்திரியில இருக்கற நாள் எனக்கு நாளாவே தெரியல. வீட்ல இருக்கறது தெரியுது. இவ்ளோதான்."

காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சண்டைகள் எல்லாவற்றிலும் அவர் செய்தது இதைத்தான். என் பக்கத்தை என்னைவிடத் தெளிவாக, ஒரு பாயிண்டும் விடாமல், கேலி இல்லாமல் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகே மறுப்பார். அதனால்தான் அவரிடம் தோற்ற நாட்களில்கூட நான் கோபத்தோடு வீட்டுக்குப் போனதில்லை.

அந்த வழக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். போன வாரக் கூட்டத்தில் இம்ரானின் ஒரு யோசனையை எதிர்த்துப் பேச எழுந்தேன். முதலில் அவர் பக்கத்தை, அவரே தலையாட்டும்வரை, முழுதாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது எதிர்ப்பதற்கு என்னிடம் பாதிதான் மிச்சம் இருந்தது. அந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.