யாரும் கேட்காத கடிதம்

போன வருடம் புரட்டாசி மாதம். பொன்னேரியில் ஒரு ஆஸ்பத்திரி, டாக்டரம்மா ரூம். உள்ளே இருந்தவர்கள்: டாக்டரம்மா. ஒரு நர்ஸ். என் மாமியார். என் வீட்டுக்காரரின் அண்ணன். வீட்டுக்காரர் வரவில்லை, அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்திருந்தது. அப்புறம் நான்.

என் வயிற்றில் இருந்ததைப் பற்றித்தான் பேச்சு. அது மூன்றாவது. வேண்டாம் என்று நான் முடிவு செய்திருந்தேன். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், மூன்று பாட்டில் ஏற்றித்தான் பிழைத்தேன். இன்னொரு தடவை அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. காரணம் அவ்வளவுதான்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, இப்போது லைன் லீடர். எங்கள் காண்ட்ராக்டர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஒரு பெண் செகண்ட் ஷிப்டு வர வேண்டும் என்றால் புருஷனோ அப்பாவோ கடிதம் தர வேண்டும். 'என் மனைவி ஷிப்டில் வேலை செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்து. அதை வாங்கி ஃபைலில் வைப்பது என் வேலை. கடிதம் இல்லாமல் வந்தவர்களை கேட்டிலிருந்து நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஒரு புதன்கிழமை மெடிக்கலில் கிட் வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஷிப்டுக்கே புருஷன் கையெழுத்து கேட்கிறார்கள், இதற்குக் கேட்க மாட்டார்களா என்று நினைத்தேன். யாரையும் விசாரிக்கவில்லை.

வீட்டுக்காரருக்குக் காட்டுப்பள்ளியில் வெல்டிங் வேலை. அங்கேயே ரூம். ஞாயிறுதான் வருவார். போனில் சொன்னேன். எனக்குச் சரிதான், அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றார். மாமியாரைக் கேட்டேன். பெரியவனைக் கேள் என்றார். பொன்னேரியை அடுத்த ஆரணியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவரைப் போய்க் கேட்டேன்.

"தம்பி இஷ்டம்மா. ஆனா இது பெருமாள் மாசம். கவுச்சியே தொடாம கீறோம். ஐப்பசி பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் இது வளராம நிக்குமா மாமா?" என்றேன்.

அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

திரும்ப வீட்டுக்காரர். முதல் ஞாயிறு ஓவர்டைம் என்று வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தார். அண்ணன் இப்படிச் சொல்கிறாரே என்று தலையைச் சொறிந்தார். குழம்பில் கறி இல்லை என்று முனகிவிட்டுப் போனார். அதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் ஒருத்தி பாவம் என்றாள். இன்னொருத்தி, பையனாக இருந்தால் என்ன செய்வாய் என்றாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் பப்பாளி தின்னச் சொன்னாள். ஆளுக்கு ஒரு கருத்து. வாந்தி மட்டும் எனக்கு.

மூன்றாவது ஞாயிறு நானே ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். கம்பெனிக் கடிதம் மாதிரியே. ஷிப்டு என்று வரும் இடத்தில் கருவைக் கலைக்க என்று மாற்றினேன். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்கு முன்னால் வைத்தேன்.

"இன்னாமே இது, கம்பெனி லெட்டரு மாரி கீது?"

"கையெழுத்து போடு. அப்பாலதான் சோறு."

போட்டார்.

மறுநாள் திங்கள். லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மாமியாரும் பெரியவரும் கூடவே வந்தார்கள். நான் கூப்பிடவில்லை.

"இத்தினி பேரு எதுக்கு? பொண்ணு பாக்கவா வந்துகீறீங்க?" என்றார் நர்ஸ்.

நான் கடிதத்தை நீட்டினேன். டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். இதை யார் கேட்டது என்றார். யாரும் கேட்கவில்லை.

பெரியவர் புரட்டாசியை ஆரம்பித்தார். மாமியார் என்னைக் காட்டி, "நாங்க அஞ்சு பெத்தோம். ரத்தம் போவாமயா பெத்தோம்?" என்றார். டாக்டரம்மா இரண்டு பேரையும் வெளியே இருக்கச் சொன்னார். நர்ஸ் கதவைச் சாத்தினார். டாக்டரம்மா என் வயதைக் கேட்டார். முப்பத்து மூன்று என்றேன்.

"பதினெட்டு தாண்டினா பொம்பளையோட கையெழுத்தே போதும்மா. சட்டமே அதுதான். உனக்கு என்ன வேணும்? அதைச் சொல்லு."

அதுவரை ஒருத்தரும் என்னை அதைக் கேட்கவில்லை. சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். முன்னாடியே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும், இப்போது நாள் தாண்டிவிட்டது, மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா. பிரசவத்தில் எந்தக் கட்டிலைக் கண்டு பயந்தேனோ, கடைசியில் அதே கட்டில். மறுநாள் செய்தார்கள். நல்லபடியாக எழுந்து வந்தேன். பத்து நாள் நடக்கவே கஷ்டமாக இருந்தது.

மாமியார் மேலும் பெரியவர் மேலும் எனக்கு எரிச்சல் உண்டு. என் மேல் அதைவிட அதிகம். அவர்களிடம் போய் நின்றது நான்தானே. என் உடம்புக்கு என் சொல் போதாது என்று எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை, நானே போட்டுக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தேன். அந்த அலைச்சலில் போன நாட்களை இன்றும் சில சமயம் விரல் விட்டு எண்ணுகிறேன்.

பத்தொன்பது.