பட்டாளத்துப் பொட்டலமும் குளியாளி வயிறும்

ராஜஸ்தான் எல்லையிலிருந்து அண்ணன் லீவில் வந்தபோது, சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும் போலிருந்தது. திரும்பிப் போனதும் எடை பார்ப்பார்களாம். தேறாவிட்டால் எல்லையிலிருந்து எடுத்து ஸ்டோரில் மூட்டை எண்ண வைப்பார்களாம். இதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. பட்டாளத்தில் பட்டினி போடுகிறார்கள் என்று அம்மா முடிவுகட்டினாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் மனையியல் படித்துக்கொண்டிருந்தேன். அவன் கொண்டுவந்திருந்த ரேஷன் பொட்டலத்தைப் பிரித்துப் பாயில் பரப்பினேன். கெட்டி பிஸ்கட், சர்க்கரை போட்டுப் பொரித்த மாவுத் துண்டுகள், தகரடப்பாவில் புலாவ், பால்பவுடர், தேயிலை. பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்துக்கணக்கைக் கூட்டினேன். வெயிலில் நாளெல்லாம் நடக்கிறவனுக்கு அது போதும். பிறகு ஏன் இப்படி மெலிந்தான்?

"எல்லாத்தையும் திங்கியாண்ணே?"

"சாயந்திரம் ரோந்து முடிஞ்சு திம்பேன். அதுக்குள்ள டப்பா கொதிச்சுக் கெடக்கும். நெய் மெதக்கும். ரெண்டு வாய்க்கு மேல எறங்காது."

"காலைல? மத்தியானம்?"

"ஏளா, வேலைல நிக்கும்போது எவனாவது திம்பானா? மூச்சு நிக்குமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு ஆண்கள் குளியாளிகள், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்கள். கடலுக்குப் போனால் கரை திரும்பும்வரை வெறும் வயிறுதான். சோறு உள்ளே இருந்தால் அடியில் மூச்சடக்க முடியாது. பட்டாளத்தில் சேரும்வரை அண்ணனும் குளியாளிதான்.

"அங்கன கடல் எங்க கெடக்கு, முங்குததுக்கு?" என்றேன்.

சங்குப் பை தைத்துக்கொண்டிருந்த அப்பா சிரித்த சிரிப்பில் ஊசி விரலில் ஏறிவிட்டது. "ஏலே, மணல்ல முங்கிச் சங்கா பொறுக்குத?"

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்து நானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே அவனைச் சாப்பிட வைத்து, உச்சி வெயிலில் ரேஷன் பொட்டலத்தோடு உப்பளத்து வரப்புக்குக் கூட்டிப்போனேன். அந்தச் சூட்டில் இந்தச் சாப்பாடு எப்படி இறங்குகிறது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. பிஸ்கட் நாக்கில் மண்ணாக ஒட்டியது. இனிப்பு திகட்டியது. எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டதும் புலாவ் மட்டும் இறங்கியது. கணக்கில் இருப்பது வேறு, வாய்க்குள் போவது வேறு என்று எந்தப் பாடத்திலும் நான் படித்திருக்கவில்லை.

அண்ணன் பாதி டப்பாவில் நிறுத்தி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே?"

"நிக்குதான்னு பாத்தேன்."

"நின்னுச்சா?"

மிச்ச டப்பாவையும் வழித்துத் தின்றான்.

அடுத்த லீவில் காலர் கழுத்தோடு ஒட்டியிருந்தது. எல்லையிலேயேதான் வைத்திருந்தார்கள். வேலைக்கு நடுவில் தின்ன மட்டும் இன்னும் கூச்சமாம். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று தின்கிறானாம்.