நான் கொட்டிய குளிசைகள்

என் மனைவியின் குளிசைகளைக் கக்கூசில் கொட்டியவன் நான்தான். பொலிஸ் அல்ல. இத்தனை வருடமாகப் பொலிஸ் என்று சொல்லி வந்தது பொய்.

திட்டுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் நானும் ரஞ்சியும் இருந்தோம். அவளுக்குப் பெருங்குடலில் ஆறாத அழற்சி. மாதக்கணக்காக வயிற்றோட்டம், இரத்தம். டொக்டர் ஸ்டீரொயிட் குளிசை கொடுத்தார். முதலில் நாளுக்கு எட்டு. பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். சடுதியாக நிறுத்தக் கூடாது, தன்பாட்டில் நோவுக்குப் போடும் குளிசை எதுவும் போடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். நானும் பக்கத்தில்தானே இருந்தேன்!

மூன்று கிழமையில் இரத்தம் நின்றது. அவள் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஒழுங்கை முனையில் பொலிஸ் சுற்றிவளைப்பு என்று கீழ்வீட்டுக்காரர் வந்து சொன்னார். அலுமாரியில் நூறு குளிசை இருந்தது. அந்த நாட்களில் தமிழன் அறையில் அவ்வளவு மருந்து கண்டால் வடக்கே இயக்கத்துக்கு அனுப்புகிறான் என்றுதான் பிடிப்பார்கள். டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு இருந்தது... காட்டியிருக்கலாமே! அந்தத் துண்டையும் கிழித்துக் குளிசைகளோடு கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.

அவர்கள் எங்கள் மாடிக்கு ஏறவே இல்லை. கீழே இரண்டு அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என் பயந்த புத்தியை அவளிடம் எப்படிச் சொல்வது? பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னேன். டொக்டரிடம் போய் வேறு துண்டு வாங்கலாம் என்றாள். டொக்டர் பொலிசுக்குப் போன் எடுத்துக் கேட்டால்? இரத்தம் நின்றுவிட்டதுதானே, கொஞ்சம் பொறு என்று தடுத்தேன்.

மூன்றாம் நாள் மூட்டெல்லாம் நோகிறது என்றாள். என் முதுகு நோவுக்கு வைத்திருந்த குளிசையைக் கொடுத்தேன். டொக்டர் வேண்டாம் என்ற அதே வகை! நான்காம் நாள் சாப்பிட்டதெல்லாம் சத்தி, தலைச்சுற்று, மறுபடி இரத்தம். குளியலறை வாசலில் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆர் இந்தக் குளிசையை நிப்பாட்டினது?"

வாயைத் திறந்தேன். ட்ரொலியில் கிடந்தபடியே ரஞ்சி முந்திக்கொண்டாள். "அவரை ஏசாதேங்கோ டொக்டர். பொலிஸ்காரங்கள் அள்ளிக்கொண்டு போட்டாங்கள்."

நான் தலையாட்டினேன். நோவுக் குளிசை கொடுத்ததை மட்டும் ஒப்புக்கொண்டேன்.

அவள் பிழைத்தாள். மறுபடி எட்டிலிருந்து தொடங்கி, டொக்டர் சொன்னபடியே குறைத்து, நன்றாக எழும்பினாள்.

போன மாதம் சொந்தக்காரர் வந்திருந்தபோது அவள் அந்தப் பொலிஸ் கதையை மறுபடி சொன்னாள். அவர்கள் போனதும் நான் உண்மையைச் சொன்னேன். அப்பாடா... நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு போனது!

அவள் கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "நான் ட்ரொலியில கிடக்கேக்கையும் உங்களுக்கு வாய் வரேல்லையோ?"

நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எனக்கு இப்போது நித்திரை வருகிறது. உண்மையைச் சொன்னால் அது வரத்தான் செய்கிறது. ஆனால் அவள் இன்றும் குளிசை எடுப்பவள். அந்தக் குளிசைப் பெட்டி முன்பெல்லாம் அலுமாரியில், என் சட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போது அவளுடைய கைப்பையில் இருக்கிறது. சமைக்கும்போது பை அடுப்படியில் தொங்குகிறது.

நேற்று குளிக்கப் போகும்போதும் கொண்டு போனாள்.