யார் இல்லாமல் குழு ஓடாது

எங்கள் பந்துக் குழு வென்றதெல்லாம் துறைமுக ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவும் குழுவின் மேனேஜருமான பெரிய கிராணியின் பெயரில்தான் வென்றது. ஜப்பான்காரன் காலத்தில் பினாங்குத் துறைமுகத்தில் வேலை செய்தவர்களில் மிச்சமிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த மேனேஜர் மாதிரி இனி ஒருவர் வருவாரா என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனிதர் வாழ்நாளில் ஒரு பந்தைக் காலால் தொட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடம் கப்பல் காகிதங்களோடு குடித்தனம் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை சலவை செய்த வெள்ளைக் கால்சட்டையோடு திடலின் ஓரத்தில் நிற்பார். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். நோகாமல் நுங்கு தின்பது இதுதான் என்று பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நான் அதே ஆபீசில் சின்னக் கிராணி. முட்டி உடையும்வரை நன்றாக ஆடியவன். ஆட முடியாமல் போனதும் பெரிய கிராணி என்னைத் தனக்கு உதவியாளாக வைத்துக்கொண்டார். பயிற்சி கொடுப்பது, யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்வது, பதினோரு பேரைப் பொறுக்குவது எல்லாம் என் வேலை. சனிக்கிழமை நான் பெயர்களைச் சொல்வேன். அவர் ஒரு வார்த்தை மாற்றாமல் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பார். சொந்த மூளை இல்லாத மனிதர் என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இன்னொரு உதவியாளும் இருந்தார். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், எல்லோருக்கும் 'நானா', அதாவது அண்ணன். அரிசி கிடைக்காமல் கடையை மூடிவிட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்துவிட்டார். பயிற்சி முடிந்ததும் ஆட்டக்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, உள்ளங்கையில் துளி தேங்காய் எண்ணெய் விட்டுக் கால்களை உருவிவிடுவார். அவர் வேலை அவ்வளவுதான் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

அந்தக் காலத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆள் மாற்ற முடியாது. ஒருவன் விழுந்தால் மீதிப் பத்துப் பேரோடு ஆடி முடிக்க வேண்டியதுதான். எல்லோரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்த காலம். அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறவன் திடீரென்று கெண்டைக்கால் இழுத்து மடிந்து விழுவான். ஆகவே யார் நன்றாக ஆடுவான் என்பதைவிட, யார் கடைசிவரை நிற்பான் என்பதுதான் கேள்வி. அதை நானா ஒருவர்தான் சொல்வார்.

"லெஃப்ட் பேக்க நாளைக்கு உக்கார வைங்க கிராணி."

"ஏன் நானா? நேத்து நல்லாத்தானே ஓடினான்?"

"மூணு நாளா துறைமுகத்துல குடுக்கிற சோறு அவன் வயித்துக்குப் போகல லா. இலையில சுருட்டி வீட்டுக்குக் கொண்டு போறான், மூணு புள்ளைங்க. கால்ல சதை கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. பாதி ஆட்டத்துல படுத்துடுவான்."

நான் பெரிய கிராணியிடம் போய், லெஃப்ட் பேக் ஆடுகிறவன் வேண்டாம் என்பேன். ஏன் என்று அவர் கேட்டதில்லை. நானா சொன்னார் என்று நானும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் உழைப்பைப் பெரிய கிராணி தின்கிறார் என்று மட்டும் தினமும் தோன்றியது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வரிசையாக ஆறு ஆட்டம் வென்றோம். துறைமுகத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பான் அதிகாரிக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். பிரம்பு நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருப்பான். நாங்கள் கோல் போட்டால் தொடையில் தட்டிக்கொள்வான். அவன் தொடையில் தட்டும் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

அப்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் தோட்டங்களில் பிடித்தார்கள். பிறகு பட்டணத்திலும் கைவைத்தார்கள். படம் பார்க்கப் போனவன் திரும்பவில்லை, மீன் வாங்கப் போனவன் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டோம். துறைமுகக் கூலிகளில் பாதிப் பேரை அனுப்பப்போகிறார்கள் என்று ஒரு வாரமாகப் பேச்சு. கூலிகளைக் கணக்கெடுக்கக் கிராணிகளையும் கூட்டிப் போகிறார்களாம் என்று யாரோ சொன்னார்கள். என் மனைவிக்கு ஏழு மாதம். எங்களுக்கு இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. சாலையில் லாரி சத்தம் கேட்டால் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கும் பயம்தான். அவள் பிடித்திருப்பதால் எழ முடியாததுபோல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பெரிய கிராணி அதிகாரியின் அறையிலிருந்து வெளியே வந்தார். குனிந்து குனிந்து வணங்கியதில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"துரை சொல்லிப்போட்டான். டீமில கை வைக்கமாட்டானாம். பதினொரு பேர், மேனேஜர், ஓர் அசிஸ்டென்ட். ஓர் ஆள்தானாம், ரெண்டு பேருக்கு இடமில்லையாம். கெஞ்சிப் பார்த்திட்டன்."



"ரெண்டு பேரில ஆர் இல்லாட்டி டீம் ஓடாது? எனக்குப் பந்தைப்பற்றி ஒண்டும் தெரியாது. நீர்தான் சொல்ல வேணும். மத்தியானத்துக்குள்ள பேர் குடுக்க வேணும்" என்றார்.

மத்தியானம்வரை என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதினேன், எதில் முத்திரை குத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடை எனக்குத் தெரிந்ததுதான். என்னைப்போல் ஆட்டம் தெரிந்தவர்கள் பட்டணத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். காலைத் தொட்டு ஒருவன் சாப்பிட்டானா இல்லையா என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். தெரிந்தும், மனத்துக்குள் வக்கீல் வைத்து வாதாடினேன். பயிற்சி யார் கொடுப்பது? ஏழு மாதக்காரியை யார் பார்ப்பது? நானாவுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பதை அந்த வக்கீல் மறந்துபோனான்.

பதினொன்றரை மணிக்கு நானாவே வந்து வாசலில் நின்றார். தோளில் மூட்டைச் சாக்கின் தூசி.

"பேரு எழுதுறாங்களாமே கிராணி. நம்ம ரெண்டு பேரையும் போடுவாங்களா?"

"ஒரு ஆளுக்குத்தான் இடம்னு சொல்றாங்க நானா."

அவர் முகம் சிறுத்துவிட்டது. தோள் தூசியைத் தட்டினார். பிறகு, "பெரியவருகிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு" என்றார்.

"அவரு எங்க நானா நம்ம பேச்சக் கேக்கிறாரு?" என்றேன்.

வாயில் தானாக வந்தது. மாதக்கணக்காக நானாவிடம் நான் புலம்பி வந்த வாக்கியம்தான். நானாவும் எப்போதும்போல் தலையாட்டிவிட்டு மூட்டைகளுக்குத் திரும்பிப் போனார்.

நான் உள்ளே போனேன். பெரிய கிராணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நான்தான்" என்றேன். "நான் இல்லாட்டி டீம் ஓடாது."

"நீரோ?" என்று நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "சரி. உமக்குத்தான் தெரியும்" என்று சொல்லி என் பெயரை எழுதினார். மை காயும்வரை அங்கேயே நின்றேன்.

ஞாயிறு காலை சயாமுக்குப் போகும் கூலிகளைப் படகில் ஏற்றினார்கள். அக்கரையில் பிறை ஸ்டேஷனிலிருந்து ரயில். நான் வழியனுப்பப் போகாமல் இருந்திருக்கலாம், போகாமல் இருக்கவும் முடியவில்லை. நானா ஒரு துணி மூட்டையும், மூடி போட்ட எண்ணெய்ப் புட்டியும் வைத்திருந்தார். சற்றுத் தள்ளி அவர் மனைவி முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு நின்றார். என்னைப் பார்த்ததும் நானா கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏன் இப்படி முகத்த வச்சிருக்கீங்க? நீங்க என்ன செய்வீங்க கிராணி? நீங்க எனக்காக எவ்வளவோ சொல்லியிருப்பீங்க. அந்தப் பெரியவரு கேட்டாத்தானே!" என்றார். அவர் மனைவியும் அதைக் கேட்டார்.

இல்லை நானா என்று சொல்ல வாயைத் திறந்தேன். காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் ஒருவன் முதுகில் இடித்தான். வரிசை நகர்ந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். காவல்காரனை இன்றும் சாக்காகச் சொல்லிக்கொள்கிறேன். சொல்ல நேரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆட்டம். சனிக்கிழமை ஆட்டக்காரர்களை உட்காரவைத்து நானே கால்களைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி கால்களாகத்தான் இருந்தன. ஏதோ பதினொரு பேரைச் சொன்னேன். பெரிய கிராணி அப்படியே அறிவித்தார். இடைவேளைக்கு முன்பே சென்டர் ஹாஃப் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அடுத்த கால் மணியில் லெஃப்ட் பேக். ஒன்பது பேரோடு ஆடி ஐந்து கோல் வாங்கினோம். அதிகாரி கடைசிவரை இருக்கவில்லை. பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் ஆள் பின்னால் ஓடினான். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். இனி அவர்கள் பெயர்களுக்கும் காவல் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது.

திடல் காலியானபின் பெரிய கிராணி என் பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்தார். வெள்ளைக் கால்சட்டையோடு அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அந்த மனுசன் இருந்திருந்தா, இவங்கள் ரெண்டு பேரையும் இறக்காதேங்கோ எண்டு சொல்லியிருப்பான்" என்றார்.

சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"அவன் காலைப் பிடிச்சுப் பார்த்து உமக்குச் சொல்றதும், நீர் வந்து எனக்குச் சொல்றதும் தெரியாதெண்டே நினைச்சனீர்? எனக்குப் பந்து தெரியாது. தெரிஞ்ச ரெண்டு பேர் சொல்றதைக் கேக்கத் தெரியும். என்ர கெட்டித்தனம் அவ்வளவுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் அவன்ட பேரைச் சொல்லுவீர் எண்டுதான் இருந்தனான். நீர் ஆபீஸ் ஆள். சயாமுக்கு அனுப்பக்கூடாத ஆபீஸ் ஆக்களின்ட லிஸ்டில உம்மட பேரை முதலே எழுதித் துரையிட்டக் கையெழுத்தும் வாங்கிப்போட்டன். உமக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

"தெரியாது" என்றேன். "பின்ன ஏன் என் பேர எழுதுனீங்க?"

"பந்து விசயத்தில உம்மட சொல்லை நான் எப்ப மறுத்தனான்?" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

எங்கள் ஆட்டக்காரர்களில் நான்கு பேரை அடுத்த மாதம் பிடித்துப் போனார்கள். ஒருவன் திரும்பி வந்தான். நானா வரவில்லை. எனக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகமாகத்தான் இருந்தாள்.

போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின் நானாவின் மனைவி சூலியா தெருவில் கடை முன்னிருந்த அஞ்சடி நடைபாதையில் ஆப்பம் சுட்டு விற்றார். நான் போனால் காசு வாங்க மாட்டார். "உங்களப் பத்தி அவரு நல்ல வார்த்த சொல்லிட்டுப் போனாரு" என்பார். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று குழந்தையை அனுப்பிக் கேட்பார். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று புறப்படுவேன். சொல்லாமல் தின்றுவிட்டுத் திரும்புவேன்.

பெரிய கிராணி அந்தப் பக்கம் நடந்து போனால் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் துப்புவார். ஒருநாள் பெரிய கிராணி என்னை நிறுத்திக் கேட்டார்.

"அந்த மனுசி ஏன் என்னைக் கண்டா இப்பிடிச் செய்யுது? நான் அதுக்கு என்ன செய்தனான்? உமக்கு ஏதும் தெரியுமோ?"

தெரியாது என்றேன். நான் சொன்னதால் அதையும் நம்பினார்.