பட்டியலில் இல்லாத பெயர்

தொண்ணூறுகளின் பின்பாதியில் கணபதி என்ற பகுதியில் ஒரு பம்ப் கம்பெனிக்கு நான்தான் கம்ப்யூட்டர் இலாகா. இலாகா என்றால் ஏ.சி. ரூம், ஒரு மெஷின், ஒரு நாற்காலி, நான். ஏதாவது கெட்டுப்போனால்தான் யாராவது கதவைத் திறப்பார்கள். மனைவிக்கு வெளியூரில் வேலை. வீட்டிலும் அதே கதைதான்.

மெஷினில் மெமரி போதவில்லை. பல புரோகிராம்கள் வேலையில்லாமலே நாள் முழுக்க விழித்திருந்து இடத்தை அடைத்தன. அவற்றை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து தகவல் வந்து தட்டும் எல்லா வாசலுக்கும் பொதுவாக ஒரே காவல்காரப் புரோகிராமை உட்காரவைத்தேன். யாராவது தட்டினால் அது உரிய புரோகிராமை எழுப்பும். வேலை முடிந்ததும் எழுப்பப்பட்டது மறுபடி தூங்கப் போய்விடும். மேனேஜரிடம் பெருமையடித்தும் தொலைத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பவானி கிளையிலிருந்து மோடம் வழியாக ஆர்டர் லிஸ்ட் வர வேண்டும். அதைப் பார்த்துத்தான் லாரியில் லோடு ஏற்றுவார்கள். பதினொன்றேகாலுக்கும் வரவில்லை. ஓடும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தேன். லிஸ்ட்டை வாங்கிவைக்கும் புரோகிராமின் பெயரே இல்லை!

முந்தின நாள் நானே அதைத் தூங்கவைத்ததும், தூங்கினால் பட்டியலில் பெயர் இராது என்பதும் எனக்கு மறந்துபோயின. செத்துவிட்டது என்று முடிவுகட்டிக் கையால் கிளப்பினேன். அந்த வாசலில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று மெஷின் மறுத்தது. ஏழு தரம் கிளப்பினேன், ஏழு தரமும் அதே பதில். ஏ.சி. குளிரிலும் வியர்த்துச் சட்டை நனைந்தது. மனதுக்குள் ராஜினாமாக் கடிதத்தில் 'உயர்திரு' வரை வந்துவிட்டேன்.

மேனேஜர் எட்டிப்பார்த்தார். "ஏனுங்க, லாரி நிக்குதுங்க. உங்க காவக்காரன் தூங்கிப்போட்டானுங்களா?"

"வந்துட்டே இருக்குதுங்க" என்று புளுகினேன்.

பவானிக்குப் போன் போட்டேன். லிஸ்ட் அனுப்பும் அம்மா எடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, லிஸ்ட் போகமாட்டேங்குதுங்களா?"

"இன்னும் அனுப்பவே இல்லீங்க. இப்பத்தானுங்க கரண்டு வந்துச்சு. ஏனுங்க இப்பிடி மூச்சு வாங்குது? மாடி ஏறுனீங்களா?"

"ஆமாங்க."

எங்கள் கட்டடத்தில் மாடியே கிடையாது.

அப்போதுதான் உறைத்தது, வாசலில் இருந்த ஆள் என் காவல்காரனேதான். மோடம் கீச்சிட்டது. பட்டியலில் அந்தப் பெயர் முளைத்தது, லிஸ்ட் வந்தது, பெயர் மறைந்தது. லாரி போனது. அதற்குப்பிறகு சாயங்காலம் வரை யாரும் கதவைத் திறக்கவில்லை.

கிளம்புமுன் லிஸ்ட் வாங்கும் அந்த ஒரு புரோகிராமை மட்டும் எப்போதும் ஓடும்படி மாற்றிவைத்தேன். பார்க்கும்போதெல்லாம் பட்டியலில் இருக்கட்டுமே. மேனேஜர் கேட்டால் 'பாதுகாப்புக்குங்க' என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அவர் கேட்கவேயில்லை.